சீக்கிரம் தீர்ந்த ட்யூப்

நான் தேய்த்ததைவிட வேகமாக அந்த ட்யூப் தீர்ந்துகொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில்தான் அதைக் கவனித்தேன். நான் நடுவில் அழுத்துகிறவன். யாரோ அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மூடியைத் திருப்பிப் பார்த்தால் கரி படிந்த கட்டைவிரல் ரேகை. எங்கள் வீட்டில் மூன்றே பேர், அய்யா, அம்மா, நான். கரிமூட்டத்தில் வேலை செய்வது அய்யா மட்டும்தான். பார்த்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அந்த ட்யூப் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன்.

திருச்சுழியில் ஓர் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊராருக்கு மனு ஏற்றிக் கொடுப்பேன். பிளாஸ்டிக் நாற்காலியில், இறுக்கமான ஜீன்ஸில், நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கவட்டை இரண்டு பக்கமும் அரிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு. பிறகு ஓரம் தடித்து, நடு வெளுத்து, வளையம் வளையமாகத் தொடைக்கு இறங்கியது. கொஞ்ச நாளில் விதைப்பையின் பக்கத்திலும் சிவந்தது. மனு கொடுக்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அரிப்பு எடுத்தால், மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டு தட்டச்சு செய்வேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். உள்ளூரில் கேட்டால் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். கடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் போகும்வரை பல்பசை விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, அரிப்பா?” என்றார் கடைக்காரர்.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீக?”

“பொம்பளையாளு போற மட்டும் பல்பசைய வெறிச்சுப் பாக்குறவன் பூராம் அதுக்குத்தேன் வாரான்.”

எந்த இடம், எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு களிம்பு ட்யூப்பை எடுத்து நீட்டினார். தேய்த்த மூன்று நாளில் அரிப்பு நின்றது. விட்டதும் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பியது. மறுபடியும் அதே களிம்பு. இப்படி ஐந்து ட்யூப் வாங்கினேன். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் பொடிப்பொடியாக இங்கிலீஷ். வீட்டில் மருந்துத் தாள் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது என்றும், தொடையிடுக்கில் அதிக நாள் போடக் கூடாது என்றும் இருந்தது. படித்தேன். மடித்து பீரோவுக்கு மேல் வைத்தேன். ட்யூப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். அங்கிருந்துதான் அய்யா எடுத்தார்.

அய்யாவிடம் ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு மதுரையில் ஒரு டாக்டர் என்னைத் திட்டினார். அவருக்கு எங்கள் வீட்டுக் கொடியைக் காட்டினால் புரிந்திருக்கும். ஆண்களின் ஜட்டியை எங்கள் வீட்டில் வெயிலில் காயப் போட மாட்டோம். கொடியில் முதலில் ஜட்டி, அதன்மேல் ஒரு துண்டு. துண்டு மொடமொடவென்று காய்ந்துவிடும், அடியில் இருப்பது நமுத்தே கிடக்கும். அதைத்தான் மறுநாள் போடுவோம். அய்யாவுடையதை நான் பார்க்கக் கூடாது, என்னுடையதை அவர் பார்க்கக் கூடாது. துணிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் பேச்சுக்கு எங்கே போவது?

ஆனியில் அம்மா சொன்னது: “ஒங்கய்யாவுக்கு என்னமோ தவிச்சுக்கிட்டே இருக்கு பாண்டி. கொடம் தண்ணி பத்த மாட்டேங்குது.”

“வெயிலுக்கும்மா.”

“ஒல்லியாவும் போறாக. அந்தக் கொல்லப்பக்கம் போய்ட்டு வாராகள்ல, அந்த எடத்துல பூராம் எறும்பு.”

“அதுவும் வெயிலுக்குத்தேன்,” என்றேன். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு எதற்கு வரும் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னுடையது தாங்க முடியாமல் போகவே, ஒரு திங்கட்கிழமை மையத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் பெண் டாக்டர். வாசலிலேயே நின்றேன்.

“ஜென்ட்ஸ் டாக்டர் யாரும்...”

“இன்னைக்கு நான் மட்டுந்தான். காலையில இருந்து உங்களோட சேத்துப் பதினோரு ஆம்பளைங்க, எல்லாருக்கும் அதே எடம். வந்து உக்காருங்க.”

நான் கொண்டுபோன காலி ட்யூப்பை வாங்கிப் பார்த்து மேசைமேல் தட்டினார். பிறகு விளக்கினார். எனக்கு வந்திருப்பது படர்தாமரை. அது ஒரு பூஞ்சை. வியர்வையும் ஈரமும் இருட்டும் இருந்தால் போதும், வளரும். அந்தக் களிம்பில் பூஞ்சைக்கு மருந்து கொஞ்சம் இருந்தாலும் கூடவே ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். அமுங்கியதும் நாம் ஆறிவிட்டது என்று நினைப்போம். தோலின் காவலைத் தூங்கவைத்துவிட்டதால் பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவும். தோலும் மெலிந்து, கோடு கோடாக வெடிக்கும்.

எனக்குக் கரிமூட்டம் ஞாபகம் வந்தது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே மண்ணால் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். புகை அடங்கி, மேல்மண் ஆறினமாதிரி இருக்கும். நம்பிக் காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிடும். அப்படிக் கால் வெந்தவர் எங்கள் ஊரிலேயே உண்டு.

“அங்க அரிச்சா எல்லாம் படர்தாமரைன்னு நெனைக்காதீங்க,” என்றார் டாக்டர். “சோப்பு ஒத்துக்காம சிவக்கலாம். கிருமி சாகட்டும்னு ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிற தண்ணிய ஊத்திக் கழுவி வெந்துபோய் வருவாங்க. சொறிப்பூச்சின்னா வீட்ல எல்லாருக்கும் அரிக்கும். முன்தோல் சிவந்து, வெள்ளையாப் படிஞ்சு, வெடிச்சிருந்தா அது வேற பூஞ்சை. நடு வயசுல ஒரு ஆம்பளைக்கு அப்படி வந்தா நான் மொதல்ல சுகர்தான் பாப்பேன். வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், மருந்துதான் வேற வேற. அதனாலதான் காட்டிட்டுப் போடுங்கன்னு சொல்றது.”

மாத்திரையும் ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் எழுதினார். தடிப்பு மறைந்தபிறகும் அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. குளித்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். முன்தோலைப் பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே சோப்பு வேண்டாம். தளர்வான பருத்தி உடுப்பு. ஆளுக்கொரு துண்டு. ஜட்டியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப் போட வேண்டும்.

“வீட்ல வேற யாருக்கும் இருக்கா? ஒருத்தர் மட்டும் மருந்து போட்டுப் பிரயோசனம் இல்ல.”

மூடியில் இருந்த கரி ரேகை என் கண்முன் வந்தது. குடம் தண்ணீர், எறும்பு, எல்லாம் வரிசையாக வந்தன.

“இல்ல மேடம்,” என்றேன்.

பஸ் முழுக்க அந்தப் பொய் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சீட்டில் எழுதி வைக்கலாமென்றால் அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவனுக்குத் தகப்பனுக்கு எழுத வழியில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்தேன். மிச்சமிருந்த பழைய ட்யூப்பை எடுத்து என் பழைய புத்தகப் பைக்குள் ஒளித்துவைத்தேன். இல்லாவிட்டால் போட மாட்டார், போடாவிட்டால் சரியாகும் என்பது என் கணக்கு.

அன்று சாயங்காலம் அய்யா கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியதைப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அம்மியில் பூண்டு வாடை. குழம்பில் பூண்டு இல்லை. வியாழக்கிழமை அய்யா கஞ்சியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு முத்தையா மாமா போன் செய்தார். அய்யாவோடு மூட்டத்தில் வேலை பார்ப்பவர்.

“மாப்ள, வெரசா வா. ஒங்கய்யா குத்தவச்ச எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. பேச்சும் ஒரு மாதிரி கொழறுது.”

எம்.ரெட்டியபட்டி ரோட்டில் ஷேர் ஆட்டோவை மறித்து ஏறி மூட்டத்துக்குப் போனேன். கருவேல நிழலில் அய்யா சுருண்டு கிடந்தார். கரி அப்பிய முகத்தில் வியர்வை வழிந்த கோடுகள் மட்டும் வெளுப்பாக இருந்தன.

“மூலச்சூடுதேன். நீ ஏன்யா வேலையப் போட்டுட்டு வந்த?” என்றார்.

பக்கத்தில் நெருங்கியதும் ஒரு வாடை. பூண்டு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, செத்த எலி கிடக்கும் இடத்தில் வருவது.

அருப்புக்கோட்டை அவசரப் பிரிவில் கைலியை விலக்கினார்கள். தகப்பனை அப்படிப் பார்ப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விதைப்பை சுரைக்காய்போல வீங்கியிருந்தது. ஓரங்களில் பூண்டு வைத்த இடமெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அடியில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. நான் கரி என்று நினைத்தேன். டாக்டர் ஈரப்பஞ்சால் துடைத்தார். போகவில்லை. விரலால் அழுத்தினார். காய்ந்த சருகை மிதித்தமாதிரி தோலுக்கு அடியில் நொறுநொறுவென்றது. டாக்டர் முகம் மாறியது.

சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண் வரவில்லை. அது அளக்கிற எல்லையைத் தாண்டினால் எண் வராதாம்.

“எத்தன நாளா சுகர்?”

“சுகர் இல்லையே சார்,” என்றாள், தகவல் கேட்டு ஓடிவந்திருந்த அம்மா.

“பாத்தீங்களா எப்பவாச்சும்?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அறுவைச் சிகிச்சை டாக்டர் நின்றபடியே சொன்னார். இதற்குப் பெயர் ஃபோர்னியர் கேங்கரீன். ஆண்குறி, விதைப்பை, ஆசனவாய் பக்கத்துத் தோலுக்கு அடியில் கிருமி புகுந்து, தசை அழுகுவது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கிறவர்களுக்குச் சின்ன வெடிப்பு போதும், கிருமி உள்ளே போய்விடும். மணிக்கணக்கில் பரவும். அழுகியதை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும்.

“உயிருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. வெட்டலைன்னா நிச்சயமாப் பொழைக்க மாட்டாரு. கையெழுத்துப் போடுங்க.”

ஆயிரம் பேருக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியவன் நான். எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு தகராறு. அய்யா இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. சிவப்பு அடிவயிறு வரை ஏறியிருந்ததால் கயிற்றை எடுத்தாக வேண்டும். நர்ஸ் கத்தரியைக் கொண்டுவந்ததும், அதுவரை முனகிக்கொண்டிருந்த அய்யா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“செத்தவனுக்குத்தேன் அறுப்பாக. நான் இன்னும் சாகலத்தா.”

“பெரியவரே, நேரம் போகுது.”

“அறுத்துட்டீகன்னா நான் உள்ள போகல. இப்படியே மூட்டத்துல கொண்டுபோய் வச்சுருங்க.”

உள்ளேயிருந்து டாக்டர் சத்தம் போட்டார். கையைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். அந்த நர்ஸம்மாதான் தடுத்தார். “இருங்க. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான்.” பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து என்னிடம் நீட்டினார். “மொதல்ல புதுசக் கட்டுங்க தம்பி, பெறகு பழச எடுப்போம். நெஞ்சுக்குக் கீழ, நல்ல தோல்ல கட்டுங்க.”

குனிந்து, அய்யாவின் முதுகுக்குக் கீழே கையை விட்டுத் துணியைச் சுற்றினேன். நினைவு தெரிந்து நான் அவரை அவ்வளவு நெருங்கியதில்லை. அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“ட்யூப்ப ஏன்யா ஒளிச்சு வச்ச?”

துணியின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தேன்.

“கோவமில்லய்யா. படிச்ச புள்ள எடுத்து வச்சா காரணம் இருக்கும்னு நெனச்சேன். ஒனக்கே பத்தலயோ என்னமோன்னுதேன் பூண்ட அரச்சு வச்சேன்.”

முடிச்சைப் போட்டேன். கத்தரிச் சத்தம் கேட்டது. கதவு மூடியது.

நான்கு மணி நேரம். அம்மா அறுபட்ட கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: ட்யூப், டாக்டர் கேட்டது, நான் சொன்ன பொய். அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. “எனக்கும் தெரியும்யா,” என்றாள். “பூண்டு உரிச்சுக் குடுத்ததே நாந்தேன். அவுக எதுக்குன்னு சொல்லல. நானும் கேக்கல.”

மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அய்யா பிழைத்தார். அடுத்தடுத்து இரண்டு முறை உள்ளே கொண்டுபோய் மிச்ச அழுகலையும் வெட்டினார்கள். விதைப்பையின் தோல் முழுக்கப் போய்விட்டது. காயம் சிவந்து சதை பிடித்தபிறகு தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். தினமும் கட்டு மாற்றும்போது பக்கத்துக் கட்டில்காரர் தன் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அய்யா கத்துவது பிறருக்குக் கேட்க வேண்டாமென்று. பெயர் சொல்லாமல் அவர் செய்த உபகாரம் அது. நர்ஸம்மா எனக்குக் கட்டு மாற்றப் பழக்கினார். முதல் நாள் அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்தாம் நாள், “அங்கிட்டு ஈரம் இருக்கு, நல்லாத் தொடை,” என்றார்.

பூண்டும் களிம்பும் மட்டும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். பார்க்காமல் விட்ட சர்க்கரைதான் அடித்தளம். ஆனால் இரண்டு வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றும் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காக அவர் பொய் சொல்லாததில் எனக்கு நன்றிதான்.

தையல் பிரிக்கிற வாரத்தில் முத்தையா மாமா பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். காலை அகட்டி நடந்தார்.

“என்ன மாமா, நடை ஒரு தினுசா இருக்கு?”

“வேர்க்குரு மாப்ள.” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த ட்யூப்பு இருந்த மட்டும் நல்லாத்தேன் கேட்டுச்சு.”

“எந்த ட்யூப்பு?”

“ஒங்கய்யா கொண்டாருவாரே. மூட்டத்துல எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சொட்டு. ‘எம்மகன் படிச்சுப் பாத்து வாங்குனது, டவுனு மருந்து’ம்பாரு. இப்பம் இல்லாமப் போகவும் எல்லாம் சொறிஞ்சுக்கிட்டுத் திரியிறாக.”

ஏன் அவ்வளவு வேகமாகத் தீர்ந்தது என்று அப்போது தெரிந்தது. அய்யா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

“நீயே போய்ச் சொல்லு பாண்டி,” என்றார். “தாள்ல எழுதிக் குடுத்துட்டு வந்துறாத. வாயால சொல்லு.”

நேற்றுப் போனேன். புது மூட்டம் பூசியிருந்தார்கள். மேல்மண் காய்ந்திருந்தது, உச்சியில் மட்டும் ஒரு நூல் புகை. மதியக் கஞ்சிக்கு எட்டுப் பேரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ மேலிருந்து எடுத்த மருந்துத் தாளை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அய்யாவுக்கு எந்த இடத்தில் என்ன வெட்டினார்கள் என்பதையும் அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே சொன்னேன். ஒருவர் கனைத்தார். ஒருவர் மண்ணைக் கிளறினார். “படிச்ச பய வாயில வார பேச்சா இது?” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

“திங்கக்கெழம தோல் டாக்டர் இருப்பாக. நான் கூட்டிட்டுப் போறேன். யாருக்கு இருக்கோ எந்திரிங்க.”

முதலில் முத்தையா மாமா எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஏழு பேர் எழுந்தார்கள்.

மாடசாமிச் சித்தப்பா மட்டும் எழவில்லை. தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, குடத்தைத் தன் பக்கம் சரித்துத் தண்ணீர் மொண்டார். நான் வந்ததிலிருந்து அது நாலாவது செம்பு.

பக்கத்தில் போய்க் குத்தவைத்தேன்.

“சித்தப்பா,” என்றேன், “நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?”